கையொப்பமிடாத நினைவுக் குறிப்பு

காளவாசல் விடுதியில் இரண்டாம் மாடி.
ஏசி சொட்டும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி.
மேசைக்கு இந்தப் பக்கம் ஒரு நாடு,
அந்தப் பக்கம் ஒரு நாடு,
முனையில் போட்ட மடக்கு நாற்காலியில் நான்.
மொழிபெயர்ப்புக்கு நாள்கூலி இரண்டாயிரம்,
சாப்பாடு தனி.

பேச்சு மீனைப் பற்றி.
ஆனால் மீன் வந்து சேர மத்தியானமாகிவிட்டது.

முதலில் வந்தது கல்யாணம்.
தூதரக அம்மா, ஹேரத் என்று பெயர்,
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்:
எங்கள் முதல் அரசனுக்குப்
பெண் எடுத்தது இந்த ஊரில்தான்.
ஏட்டில் இருக்கிறது.
வருஷா வருஷம் மாமனாருக்கு முத்து அனுப்பினோமாம்.

'சம்பந்தி' என்று ஒரு சொல்லை மேசையில் இறக்கினேன்.
தாசில்தார் ஒச்சுக்காளை நிமிர்ந்து உட்கார்ந்தார்.
"அப்படியா? எந்தத் தெருப் பொண்ணு?"

மதுரைக்கு அந்தப் பெண்ணை ஞாபகமில்லை.
அனுப்பிய வீடு மறந்துவிட்டது,
அழைத்துப்போன வீடு
எழுதி வைத்திருக்கிறது.

கல்யாணப் பேச்சென்றால் பழைய சண்டையும் வரும்.
இங்கிருந்து படை போய்த் தங்கச் சிலையைத் தூக்கி வந்ததாம்,
அங்கிருந்து படை வந்து இந்த ஊருக்குள் நுழைந்து
அதை…
மீட்டது என்பதா, பறித்தது என்பதா?
ஆயிரம் வருஷத்துக்கு முந்திய ஒரு வினைச்சொல்லுக்காக
எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.
"கொண்டுபோனது" என்றேன்.
இரண்டு பக்கமும் தலையாட்டின.

பிறகுதான் மீன்.
தங்கச்சிமடம் சந்தியாகுவும்
மயிலிட்டியிலிருந்து வந்த தர்மகுலசிங்கமும்
நேருக்கு நேர் உட்கார்ந்தபோது
நான் தேவைப்படவில்லை.
ஒரே சொல்லை வைத்துத்தான் அடித்துக்கொண்டார்கள்.
"அது எங்க பாடு" என்றார் இவர்.
"எங்கட பாடு" என்றார் அவர்.
இவருக்கு, பிடிபட்டுத் துருவேறும் தம்பியின் படகு.
அவருக்கு, இழுவைமடி அறுத்துப்போன பதினொரு வலை.
ஹேரத் அம்மா என் பக்கம் திரும்பினார்.
வலை போடும் இடமும் பாடு,
போடும் முறையும் பாடு,
படுவதும் பாடு.
சிங்களத்தில் மூன்று வாக்கியம் செலவானது எனக்கு.

நாலரைக்குத் தாள் வந்தது.
இந்த மாதிரித் தாளுக்கு
நினைவுக் குறிப்பு என்று பெயர்.
யாரும் கையொப்பமிட மாட்டார்கள்,
இட்டால் அது வேறு தாளாகிவிடும்.
தேடிப் பார்த்தேன்.
மணப்பெண் இல்லை. சிலை இல்லை.
படகின் எண் இருந்த வரி அடிக்கப்பட்டிருந்தது.
'பாரம்பரிய நல்லுறவை இரு தரப்பும் நினைவுகூர்ந்தன.'
அவ்வளவு ஞாபகம் போதுமாம்
கப்பல்கள் ஒன்றையொன்று கடந்துபோக.
போதும் போலத்தான் இருக்கிறது.

லிஃப்டுக்குக் காத்திருந்தபோது
ஹேரத் அம்மா கேட்டார்:
"உன் சிங்களம் எந்த ஊர்?"
"கந்தளாய். பக்கத்து வீட்டிலிருந்து
அம்மா கற்றுக்கொண்டது.
முகாமில் என்னைத் திட்டுவதற்கு மட்டும் எடுப்பாள்,
அடுத்த அறைக்குப் புரியக்கூடாதென்று."
"எந்த வருஷம் வந்தீர்கள்?"
"தொண்ணூறு. நான் வயிற்றில்."
லிஃப்ட் வந்தது. அவர் ஏறவில்லை.
"அந்த வருஷம் அங்கேதான்
என் அக்கா டீச்சராக இருந்தாள்" என்றார்.
இருந்தாள் என்பதை
அவர் சொன்ன விதத்தில்
எனக்கு மேலே கேட்க ஒன்றுமில்லை.

"என்னப்பா சொல்றாங்க?" என்றார் ஒச்சுக்காளை.
"வெயில் அதிகமாம்."
அன்று நான் தப்பாக மொழிபெயர்த்தது
அது ஒன்றுதான்.

கூலிச் சீட்டில் 'நாடு' என்ற கட்டத்தை விட்டுவிட்டு
ஆனையூர் பஸ் ஏறினேன்.
ஆறு மணிக்கு முகாமில் கணக்கெடுப்பு.
இங்கே கையொப்பமிடாமல் முடியாது,
இடாவிட்டால் நான் இல்லை.

பெயருக்கு நேராக எழுதி நிமிர்ந்தேன்.
விடுதியின் பெயர் பொறித்த பேனாவைப் பார்த்து
"ஏதுடா இது?" என்றார் ஆர்.ஐ.

"ஒரு கல்யாண வீட்டில் கொடுத்தார்கள் சார்."